வாசலோரத்துக் கல்தொட்டி

பழைய தேவாலயம் எதற்குள் நுழைந்தாலும் எல்லோருடைய கண்ணும் நேராகப் பீடத்துக்குப் போகும். இல்லாவிட்டால் அண்ணாந்து கூரையைப் பார்க்கும். நான் வாசலிலேயே நின்றுவிடுவேன். ஞானஸ்நானத் தொட்டி எங்கே இருக்கிறது, என்ன கல், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை உண்டா, மூடி மரமா பித்தளையா என்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். கூட வருகிறவர்களுக்குப் பொறுமை போய்விடும். போன முறை சென்னைக் கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் ஆலயத்துக்குப் போனபோது என் அண்ணன் மகன் கேட்டேவிட்டான். "சித்தப்பா, ராபர்ட் கிளைவ் கல்யாணம் பண்ண சர்ச்சுன்னு கூட்டிட்டு வந்துட்டு, தொட்டியவே பார்த்துட்டு நிக்கிறீங்க. அப்படி என்னதான் இருக்கு அதுல?"

அவனுக்கு அங்கே நின்றபடி சொன்னது பாதி. மீதியை இங்கே எழுதுகிறேன்.

கோபுரத்தில் இடி விழுந்தால் புதிதாகக் கட்டுவார்கள். பெஞ்சு கறையான் அரித்தால் மாற்றுவார்கள். பீடத்தை ஒவ்வொரு தலைமுறையும் தன் ருசிக்குத் தக்கபடி அலங்கரிக்கும். கல்தொட்டி அப்படியே இருக்கும். அந்தச் சபையில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும், பணக்காரன் வீட்டுப் பிள்ளையோ கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையோ, அதன் பக்கத்துக்கு வந்தே ஆகவேண்டும். யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், யாரைச் சேர்க்கத் தயங்கினார்கள், எந்தச் சடங்குக்காகச் சண்டை போட்டார்கள் என்பதை ஒரு கோயிலில் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் எண்ணம்.

செயின்ட் மேரீஸ் தொட்டி பல்லாவரத்துக் கறுப்புக் கல்லில் செய்தது. ஆலயம் 1678-ல் தொடங்கி 1680 அக்டோபர் 28-ல் அர்ப்பணிக்கப்பட்டது. அப்போது கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர். சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் ஆங்கிலிக்கன் ஆலயங்களில் மிகப் பழையது என்று பெயர். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கூரையை வளைத்துக் கனமாகக் கட்டியிருக்கிறார்கள். தொட்டியும் கிட்டத்தட்ட அதே காலம், 1680-களின் வேலை. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பல்லாவரத்தில் வெட்டித் தின்றது போக மிச்சம் நிற்கிறதே மலை, அந்தக் கல். கறுப்பு என்றாலும் வெயில் சாய்வாகப் படும்போது உள்ளே ஒரு நீலச் சாம்பல் தெரியும். தொட்டால் கோடையிலும் சில்லென்று இருக்கும்.

இங்கிலாந்திலிருந்து செய்து கொண்டுவந்திருக்கலாம். கப்பலில் பாரம் வைக்கவே கல் ஏற்றுகிற காலம் அது. ஆனாலும் இங்கேயே, இந்த மண்ணின் கல்லில் செய்துகொண்டார்கள். அவர்கள் ஊர் வழக்கமும் அதுதான். அந்த வழக்கத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு நம் கரைக்குத் திரும்பலாம்.

இங்கிலாந்தின் கிராமத்துக் கோயில்களில் ஆயிரம் ஆண்டுப் பழைய தொட்டிகள்கூட இன்னும் இருக்கின்றன. கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டிய காலத்திலும் தொட்டியை மட்டும் எடுத்து வைத்துத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஒரு வட்டாரத்துக்குத் தாய்க்கோயில் எது என்பதற்கு அடையாளமே தொட்டிதான். ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமை இருந்தால்தான் அது முழுக் கோயில். அந்த உரிமை இல்லாத துணைக்கோயில்களில் ஜெபம் நடக்கும், தொட்டி இருக்காது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையிலும் பனியிலும் தாய்க்கோயிலுக்கு நடக்க வேண்டும்.

தொட்டி வாசலோரத்தில் இருப்பதும் சும்மா இல்லை. அந்தக் காலத்தில் சடங்கு வெளிவாசலிலேயே தொடங்கும். பிள்ளையின் வாயில் உப்பு வைப்பார்கள். பாதிரியார் தன் உமிழ்நீரைத் தொட்டுக் காதிலும் மூக்கிலும் தடவுவார். பிசாசை விரட்டும் ஜெபம் சொல்லி முடித்த பிறகுதான் உள்ளே வரலாம். உள்ளே வந்தவுடன் தொட்டி. இந்த உமிழ்நீர் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பாண்டிச்சேரிக்கு வரும்போது வேண்டும்.

பழைய தொட்டிகள் ஆழமானவை. குழந்தையை அப்படியே உள்ளே முக்கி எடுப்பார்கள். தலையில் மட்டும் தண்ணீர் வார்க்கும் வழக்கம் பரவலானது பிற்பாடு. அதனால் தொட்டியின் ஆழத்தைப் பார்த்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். 18-ஆம் நூற்றாண்டில் செய்தவை பூஜாடி மாதிரி ஒல்லிக் காலும் சின்னக் கிண்ணமுமாக இருக்கும். எனக்கு அவை பிடிப்பதில்லை. பிள்ளைக்கு என்று செய்ததாகத் தெரியாது, கூடத்தை அலங்கரிக்கச் செய்ததாகத் தெரியும்.

அந்த நாட்களில் தண்ணீரை ஒவ்வொரு முறையும் மாற்ற மாட்டார்கள். ஈஸ்டருக்கும் பெந்தெகொஸ்தே நாளுக்கும் மந்திரித்து நிரப்பிய தண்ணீர் மாதக்கணக்கில் தொட்டியிலேயே கிடக்கும். சுண்ணாம்புக்கல் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் உள்ளே ஈயத் தகடு பதிப்பார்கள். புனிதத் தண்ணீர் ஆயிற்றே, ராத்திரியில் வந்து திருடிக்கொண்டு போய் மருந்துக்கும் சூனியத்துக்கும் பயன்படுத்த ஆட்கள் இருந்தார்கள். 1236-ல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட், தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்க வேண்டும் என்று கட்டளை போட்டார். பல தொட்டிகளின் விளிம்பில் அந்தப் பூட்டு மாட்டிய இரும்பு வளையத்தின் தடம் இன்றும் இருக்கிறது. வளையத்தைப் பிடுங்கியபோது கல் பிளந்து சில்லு பெயர்ந்த இடத்தில் வேறு கல் வைத்து ஒட்டியிருப்பார்கள். பயணப் புத்தகங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. சூனியத்துக்குப் பயந்த ஒரு ஊரே அந்தச் சில்லில் இருக்கிறது.

புதுக் கல் வெட்டாத ஊரில் என்ன செய்தார்கள்? இங்கேதான் எனக்கு ஆசை அதிகம். ராக்ஸ்டர் என்ற ஊரில் ரோமானியர் விட்டுப்போன தூணின் அடிக்கல்லைக் கவிழ்த்துக் குடைந்து தொட்டியாக்கிக்கொண்டார்கள். சோலர்ட்டனில் யூப்பிட்டர் தெய்வத்துக்கு வைத்த ரோமானியப் பலிபீடத்தையே தலைகீழாக்கி அதில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மெல்பரி பப் என்ற கிராமத்தில் பழைய தூண் ஒன்றைக் கவிழ்த்து வைத்துக் குடைந்ததால், அதில் செதுக்கியிருந்த மிருகங்கள் எல்லாம் இன்றும் கால் மேலே தலை கீழே என்று நிற்கின்றன. ஈயத்திலேயே தொட்டி வார்த்த ஊர்களும் உண்டு. ப்ரூக்லண்டில் இருக்கும் 12-ஆம் நூற்றாண்டு ஈயத்தொட்டியில் பன்னிரண்டு ராசிகளும், அந்தந்த மாதத்தில் விவசாயி என்ன வேலை செய்வான் என்பதும் வரிசையாக இருக்கின்றன. பஞ்சாங்கத்தைத் தொட்டியைச் சுற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

பிரைட்கர்க் தொட்டியைச் செய்தவன் பெயர் ரிச்சர்ட். அதே 12-ஆம் நூற்றாண்டு. சுத்தியும் உளியுமாகக் குனிந்து வேலை செய்கிற தன் உருவத்தையே ஒரு மூலையில் செதுக்கி, தான் செய்ததாக ரூனிக் எழுத்தில் வெட்டியும் வைத்திருக்கிறான். கல்தச்சன் பெயர் கல்லிலேயே நிற்பது எந்த ஊரிலும் அபூர்வம். பல்லாவரத்துக் கல்லைக் கொத்தியவர் பெயர் செயின்ட் மேரீஸில் இல்லை. அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

பிறகு சண்டைக் காலம் வந்தது. 1640-களில் பியூரிட்டன்கள் என்ற கடுமையான புராட்டஸ்டண்ட் பிரிவினர் கை ஓங்கியதும் சிற்பங்கள், படங்கள், வண்ணக் கண்ணாடிகள் எல்லாம் உடைபட்டன. பழைய இடத்தில் பழைய தொட்டியில் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்று 1645-ல் பாராளுமன்றம் புது முறை கொண்டுவந்தது. பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் ஒரு பேசின் வைத்துக்கொண்டால் போதும் என்றார்கள். தொட்டிகள் தோட்டத்துக்கும் தொழுவத்துக்கும் போயின. சஃபோக்கில் அஃபர்ட் என்ற ஊரில் மட்டும் ஒரு அதிசயம். அங்கே தொட்டியின் மர மூடியே பதினெட்டு அடி உயரம், கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக எழும்பும். 1644-ல் உடைக்க வந்த வில்லியம் டௌசிங் மற்றதையெல்லாம் உடைத்துவிட்டு அதை மட்டும் விட்டுப் போனார்.

1660-ல் இங்கிலாந்தில் மன்னராட்சி திரும்பி வந்தது. பல கிராமங்களில் புதுத் தொட்டி வைத்து 1660, 1661, 1662 என்று ஆண்டையும் வெட்டினார்கள். தொழுவத்துக்குப் போன பழையவற்றில் சில திரும்பின, சில வரவில்லை. டீர்ஹர்ஸ்ட் என்ற ஊரின் தொட்டி ஆங்கிலோ-சாக்சன் காலத்தது, மேனி முழுக்கச் சுருள் சுருளாக வேலைப்பாடு. அது ஒரு பண்ணையில் துணி துவைக்கும் தொட்டியாகக் கிடந்ததை 19-ஆம் நூற்றாண்டில்தான் கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்து வீடுகளில் மாட்டுக்குக் கழுநீர் ஊற்றி வைக்கும் கல்தொட்டி இருக்குமே, அப்படிக் கிடந்திருக்கிறது ஆயிரம் ஆண்டுப் பொருள்.

இனி நம் கதை.

1616 டிசம்பர் 22, லண்டனில் செயின்ட் டயோனிஸ் பேக்சர்ச் என்ற கோயிலில் ஒரு பையனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. வங்கக் கடற்கரையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வந்தவன். பேட்ரிக் கோப்லண்ட் என்ற கப்பல் பாதிரியார் அவனுக்கு ஆங்கிலமும் லத்தீனும் சொல்லிக் கொடுத்திருந்தார். கம்பெனி அதிகாரிகள், மேயர் என்று லண்டனின் பெரிய மனிதர்கள் கூடியிருந்தார்கள். அவனுக்குப் பீட்டர் போப் என்று பெயர் வைத்தது அரசர் முதலாம் ஜேம்ஸ். அவன் அப்பா அம்மா வைத்த பெயர் பதிவேட்டில் இல்லை. அந்தக் கோயில் 1666 தீயில் எரிந்தது, திரும்பக் கட்டினார்கள், 19-ஆம் நூற்றாண்டில் அதையும் இடித்துவிட்டார்கள். ஆங்கிலேயர் தொட்டியில் நம் பக்கத்து ஆள் ஒருவன் தலை குனிந்ததற்குக் கிடைக்கிற முதல் பதிவு இது.

1662-ல் ஆங்கிலத் திருச்சபை ஜெபப்புத்தகத்தைத் திருத்தியபோது பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தனி முறைமை ஒன்று சேர்த்தார்கள். அதுவரை இங்கிலாந்தில் குழந்தைக்குத்தான் தேவைப்பட்டது. சண்டைக் காலத்தில் பலர் ஞானஸ்நானம் இல்லாமலே வளர்ந்துவிட்டார்கள் என்பது ஒரு காரணம். கடல் கடந்த குடியேற்றங்களில் இருக்கும் உள்ளூர் மக்களுக்கும் உதவும் என்பது அவர்களே முன்னுரையில் எழுதிவைத்த இன்னொரு காரணம். அதாவது பதினெட்டு வருஷம் கழித்துச் சென்னையில் கோயில் கட்டும்போது, கையில் இருந்த புத்தகத்திலேயே இந்த ஊர்க்காரர்களுக்கும் ஒரு பக்கம் இருந்தது.

ஆனால் கம்பெனிக்கு ஊழியத்தைவிடக் கணக்கில்தான் கவனம். கோட்டைச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்தால் நல்லது, இல்லாவிட்டால் போர்ச்சுகீசியக் கத்தோலிக்கக் குடும்பங்களோடு கலந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள் என்று லண்டன் டைரக்டர்களுக்குக் கவலை. 1687 ஏப்ரலில் சென்னைக்கு எழுதிய கடிதத்தில், அப்படிப்பட்ட கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாயின் கையில் ஒரு பகோடா கொடுக்கும் யோசனையைச் சொன்னார்கள். பகோடா என்றால் வராகன், தங்கக் காசு. பல்லாவரத்துக் கல்தொட்டிப் பக்கம் கைப்பிள்ளையோடு நின்ற அந்தத் தாய்மார்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு அந்தச் சடங்கின் ஒரு வார்த்தையாவது புரிந்திருக்குமா?

1689 ஆகஸ்ட் 19-ல் அதே ஆலயத்தில் மூன்று பெண் குழந்தைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம். மேரி, எலிசபெத், கேதரின். அப்பா கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக், அம்மா இந்தியப் பெண். முகலாயரோடு மோதி வங்காளத்தை விட்டுச் சென்னைக்கு வந்திருந்த நேரம் அது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சார்னாக் திரும்பிப்போய்க் கல்கத்தாவுக்குக் கால்கோள் போட்டார். 1693-ல் இறந்தார். அவர் சமாதிக்கு வைத்த பலகைக் கல் நம் பல்லாவரத்திலிருந்து போனது. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, இது தனி வகை என்று கண்டு, சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அந்தப் பெயர்தான். மூத்த மகள் மேரியும் அதே சமாதியில்தான் அடக்கம். ஞானஸ்நானத் தொட்டிக்கும் பல்லாவரக் கல், அடக்கக் கல்லுக்கும் பல்லாவரக் கல். இதைச் சொன்னபோது அண்ணன் மகன் திரும்பி வந்து தொட்டியின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தான்.

கோட்டையை விட்டுத் தெற்கே வருவோம். நம் கடலூரில் ஆங்கிலேயர் 1690-ல் மராட்டியரிடமிருந்து கோட்டையை வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை இருந்த ஊர்கள் எல்லாம் சேர்த்தி, அவைதான் குண்டு கிராமங்கள். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும் சில ஆண்டுகள் இந்தக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைநகரம் கடலூர்தான். 1749-ல் ஆங்கிலேயர் இங்கிருந்த கத்தோலிக்கக் குருக்களை வெளியே அனுப்பிவிட்டு, அவர்களுடைய கோயிலைக் கீர்நாந்தர் என்ற ஸ்வீடன் நாட்டு மிஷனரியிடம் கொடுத்தார்கள். கிறிஸ்து ஆலயம் என்று அதற்குப் பெயர் வைத்தார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து அந்தத் தேவனாம்பட்டினம் கோட்டையைத் தகர்த்தார், கீர்நாந்தர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். ஒரே கோயில், கத்தோலிக்கர் கையிலிருந்து புராட்டஸ்டண்ட் கைக்கு ஒரு உத்தரவில் மாறியது. அங்கே ஞானஸ்நானம் பெற்றுக் கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்ற குடும்பங்கள் மறுநாள் எங்கே போவது என்று நின்றிருப்பார்கள். இதற்கெல்லாம் எந்தச் சரித்திரப் புத்தகமும் அரைப்பக்கம் ஒதுக்குவதில்லை.

கடலூரைப் பற்றி எனக்குப் பெருமையான விஷயம் வேறு. 1717-ல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு இங்கே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அந்த மிஷன் பள்ளியில் படித்தவர் ஆறுமுகம் பிள்ளை, கடலூர்க்காரர். 1718-ல் சீகன்பால்கு கையால் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28-ல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்று இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் போதகர் ஆனார். அதற்கு முன்னால் 1707 மே 12-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது ஐந்து பேருக்கு. ஐந்து பேரும் டேனிஷ்காரர்கள் வீட்டு அடிமைகள். ஜெர்மானியப் பாதிரியார், டென்மார்க் ராஜாவின் கோட்டை, சீயோன் கோயில் என்று எழுதுகிறவர்கள் அந்த ஐந்து பேரை ஒரு எண்ணாக எழுதிவிட்டுப் போகிறார்கள். ஞானஸ்நானம் ஆன பிறகு அன்று மாலை அவர்கள் அதே எஜமானர் வீட்டுக்குத்தான் திரும்பியிருப்பார்கள். கர்த்தருக்குள் எல்லோரும் ஒன்று என்று கேட்டுவிட்டு வந்து, ராத்திரிக்குப் பாத்திரம் கழுவியிருப்பார்கள்.

தெற்கே முத்துக்குளித்துறையில் அதற்கும் நூற்றெழுபது வருஷம் முன்பே, 1530-களில், பரதவர் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-ல் வந்த பிரான்சிஸ் சவேரியார் கை ஓய்ந்துபோகும் அளவுக்குக் கொடுத்ததாக எழுதினார். அங்கே கல்தொட்டிக்கெல்லாம் நேரம் இல்லை. கேரளத்துப் பக்கம் நேர்மாறு. அங்கே சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய தேவாலயங்களில் கருங்கல்லில் பெரிய பெரிய மாமோதீசாத் தொட்டிகள் இருக்கின்றன. தாமரை இதழும் கயிற்று முறுக்கும் செதுக்கி, கோயில் சிற்பியின் கை என்று பார்த்தவுடன் தெரியும்.

இப்போது பாண்டிச்சேரி. நம் பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிற ஊர். 1703 நவம்பரில் ரோமிலிருந்து துர்னோன் என்ற போப்பாண்டவரின் தூதர் அங்கே வந்து இறங்கினார். சேசு சபைக் குருக்கள் தமிழர்களுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது உமிழ்நீர் தடவும் பகுதியை விட்டுவிடுகிறார்கள் என்று புகார் போயிருந்தது. விட்டதற்குக் காரணம் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எச்சில். பெற்ற தாயே ஊட்டும்போது எச்சில் படக்கூடாது என்று பார்க்கிற ஊரில், ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் தன் எச்சிலைத் தொட்டுப் பிள்ளையின் முகத்தில் வைத்தால் அடுத்த வாரம் அந்தக் கோயிலுக்கு யார் வருவார்கள்? குருக்கள் ஊரைத் தெரிந்தவர்கள், விட்டுவிட்டார்கள். துர்னோன் உடல் நலம் இல்லாமல் பாண்டிச்சேரியிலேயே தங்கியிருந்து, உள்நாட்டைப் பார்க்காமலே 1704 ஜூன் 23-ல் ஆணை பிறப்பித்தார். உமிழ்நீர் கட்டாயம், உப்பு கட்டாயம், பிள்ளைக்குப் புனிதர் பெயர் கட்டாயம்.

அதே ஆணையில் இன்னொன்றும் இருந்தது. நோயாளிகளைப் பார்க்கப் பறையர் வீடுகளுக்குக் குருக்கள் நேரில் போக வேண்டும் என்பது. நோயாளிகளைத் தங்கள் இருப்பிடத்துக்கோ பொது இடத்துக்கோ தூக்கிவரச் சொல்வது அதுவரை குருக்களின் வழக்கம். எனக்கு இந்த ஆணையை நினைத்தால் இரண்டு மனசு. எச்சில் விஷயத்தில் தமிழர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன். வீட்டுக்குள் போக வேண்டும் என்ற விஷயத்தில் துர்னோன் சொன்னதுதான் நியாயம். இரண்டையும் 'உள்ளூர் வழக்கம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஆதரித்ததும் தப்பு, ஒரே மூட்டையாக எதிர்த்ததும் தப்பு. வழக்கு நாற்பது வருஷம் ஓடியது. 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனடிக்ட் முடித்து வைத்தார். எச்சிலுக்குக் காலவரையறையோடு விலக்கு கிடைத்தது. பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைப்பது என்று ஏற்பாடு ஆனது. தனியாக! திருமுழுக்கு ஒன்றுதான், கொடுக்கும் கை மட்டும் வேறு வேறு. வேடிக்கை என்னவென்றால் இதே உப்பையும் உமிழ்நீரையும் இங்கிலாந்துக்காரர்கள் 1549-லேயே தங்கள் ஜெபப்புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சாதி பற்றிய இந்தப் பிணக்கு நம் வீட்டு வாசலுக்கே வந்தது. விழுப்புரம்–கடலூர் ரயிலில் பண்ருட்டியை விட்டால் அடுத்த ஸ்டேஷன் மேல்பட்டாம்பாக்கம். லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஒக்ஸ் என்ற ஜெர்மானியர், சபைக்குள் சாதியை விட்டுப்பிடிக்கலாம் என்ற தன் மிஷனின் போக்கு பிடிக்காமல் வெளியேறி, 1860-களின் தொடக்கத்தில் அங்கே வந்து பெத்தானியா என்ற மிஷன் நிலையத்தைத் தொடங்கினார். சீக்கிரமே டேனிஷ் மிஷன் அவரோடு கைகோத்தது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வேரிலிருந்து வந்தது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டி போகிற அதே ரோட்டில், ஐரோப்பிய மிஷனரிகளைப் பிரித்த ஒரு விவாதத்தின் மிச்சம் நிற்கிறது. ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரே பாயில் உட்கார வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. ஒக்ஸ் உட்கார வேண்டும் என்றார். அவர் சொன்னது ஊரில் முழுசாக நடந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தாலே தெரியும்.

கல்லைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பண்ருட்டி, கடலூர்ப் பக்கம் கருங்கல் கிடையாது. இங்கே இருப்பது செம்மண்ணும், கடலூர் மணற்கல் என்று புவியியல்காரர்கள் பெயர் வைத்த பொரபொரப்பான கல்லும். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் படுத்திருப்பது அந்த அடுக்கில்தான். முந்திரிக்கும் பலாவுக்கும் அந்த மண் அமிர்தம், சிற்பிக்கு உதவாது. நல்ல கருங்கல் வேண்டுமென்றால் செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கம் போக வேண்டும். இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களுக்கும் இதே கஷ்டம் இருந்தது. தெற்கே டார்செட்டில் பர்பெக் கல்லில் எட்டுப்பட்டையாகத் தொட்டிகளைச் செய்து படகில் ஏற்றி அனுப்புவார்கள், 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் அது ஒரு பெரிய தொழில். அதனால் நம் பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றில் கருங்கல் தொட்டி இருந்தால், யாரோ மெனக்கெட்டு மாட்டுவண்டியில் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சும்மா வந்த பொருள் இல்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். சின்ன ஓட்டுக் கோயில், இப்போது கான்கிரீட் தளம் போட்டுவிட்டார்கள். புதிதாகப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டிய மேடை, அதன்மேல் எவர்சில்வர் பேசின். பழைய தொட்டி எங்கே என்று உபதேசியாரைக் கேட்டேன். பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். வேப்பமரத்தடியில் சாய்ந்து கிடந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அடித்த சுண்ணாம்பு அதன்மேல் ஏடு ஏடாக ஏறி, ஒரு இடத்தில் பெயர்ந்திருந்தது. உள்ளே கருங்கல். குழிவின் உட்புறம் வழுவழுப்பு, வெளிப்புறம் வரிவரியாக உளி போன தடம், ஒரே கை ஒரே சாய்வில் கொத்தியது. அடியில் விரல் நுழைகிற ஓட்டை. தண்ணீர் வெளியே எங்கும் ஓடாமல் நேராக மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகப் போட்டது, இங்கிலாந்துத் தொட்டிகளில் இருப்பது போலவே. "எங்க தாத்தா, எங்க அப்பா, நான், மூணு பேருக்கும் இதுலதாங்க ஐயா" என்றார் உபதேசியார். அவருக்கு அதை வெளியே போட்டதில் வருத்தம் இருந்தது. கமிட்டியில் சொல்லியும் பார்த்தாராம். பழசு, பார்க்க நல்லாயில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

புதுக் கோயில் கட்டுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மழை ஒழுகாத கூரை வேண்டும், பெண்களுக்கு உட்கார இடம் வேண்டும், காசு சேர்த்துக் கட்டுகிறார்கள். முழுக்கு ஞானஸ்நானம்தான் சரி என்கிற சபையார் தென்பெண்ணைக்கோ குளத்துக்கோ போகிறார்கள், அது அவர்கள் நம்பிக்கை. தொட்டியில் கொடுக்கிற சபைகளைத்தான் கேட்கிறேன். கூரையை மாற்றுங்கள், தரையை மாற்றுங்கள், தொட்டியை வெளியே தள்ளாதீர்கள். சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து மரக்கரண்டியால் சுரண்டினால் போதும், கருங்கல் அப்படியே வரும். ஆசிட் ஊற்ற வேண்டாம், கிரைண்டர் வைத்துப் பாலிஷ் போடவே வேண்டாம். உளித்தடம் போனால் செய்தவன் கையும் போய்விடும்.

ஞானஸ்நானப் பதிவேட்டையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 1538-ல் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டதிலிருந்து ஒவ்வொரு கோயிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதி வைத்தது. அந்தப் புத்தகங்களை வைத்துத்தான் இன்று அவர்கள் பத்துத் தலைமுறைக்குக் குடும்ப வரலாறு எழுதுகிறார்கள். நம் பக்கத்து மிஷன் கோயில் ரிஜிஸ்டர்களில் பிள்ளையின் பெயர், அப்பா அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஊர், தொழில் எல்லாம் இருக்கும். கூலி, தோட்டி, நெசவு, வண்டிக்காரர் என்று. வேறு எந்தச் சர்க்கார் காகிதத்திலும் இந்த மனிதர்கள் பெயரோடு இருக்க மாட்டார்கள். பல ரிஜிஸ்டர்களைச் செல் அரித்துக்கொண்டிருக்கிறது.

கடலூர் பழைய பட்டினம், பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், விருத்தாசலம் பக்கம் வீரமாமுனிவர் நினைவு நிற்கும் கோணாங்குப்பம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பழைய கோயில்களுக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் ஊர்க் கோயிலில் கல்தொட்டி இருந்தால் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். விளிம்பிலிருந்து விளிம்புக்கு எவ்வளவு, உள்ளே எவ்வளவு ஆழம் என்று டேப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் ஓட்டை இருக்கிறதா, காலும் கிண்ணமும் ஒரே கல்லா இரண்டா, உபயதாரர் பெயரோ வருஷமோ வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் மேலே காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் தெரியும். சபையில் எண்பது தொண்ணூறு வயசுப் பெரியவர் யாராவது இருந்தால், இந்தக் கல் எந்த மலையிலிருந்து வந்தது, யார் கொத்தியது என்று கேட்டு எழுதி வையுங்கள். முதலில் அவரைக் கேளுங்கள், டேப் பிடிப்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைகூட வைத்துக்கொள்ளலாம்.